எர்ணாவூருக்குப் புறப்பட்ட என் ரயில்

நான் மாநகரப் பேருந்தில் நடத்துனர். ஆனாலும் இருபத்திரண்டு வருஷம் சொந்தமாக ஒரு ரயில் பாதை வைத்திருந்தேன்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தகரக்கூரை போட்ட ஒரே ஓர் அறை. அதற்குள் ஒன்பதடி நீளம், நாலரை அடி அகலத்தில் ஒரு மேஜை. இரண்டு பிளைவுட் பலகைகளை போல்ட் போட்டு இணைத்திருந்தேன். அதன்மேல் ராயபுரம் முதல் எண்ணூர் வரை எல்லாம் இருந்தது. ஸ்டேஷன்கள், லெவல் கிராசிங், கன்டெய்னர் அடுக்குகள், நிலக்கரிக் குவியல். தூரத்தை மட்டும் சுருக்கியிருந்தேன், மற்ற எல்லாமே அளவில் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. இப்படி ரயில் செய்கிறவர்கள் பெரும்பாலும் மலையும் குகையும் செய்வார்கள். எங்கள் பக்கத்தில் மலைக்கு எங்கே போவது? நான் செய்தது உப்புக்காற்றில் துருப்பிடித்த கொட்டகைகள். அந்தத் துருவைச் சரியான நிறத்தில் கொண்டுவர எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. சரியாக வந்த அன்றைக்கு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "நிஜமாவே துருப்பிடிச்சிருக்கு, எண்ணெய் போடுங்க" என்றாள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இருமல் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆரம்பித்தது. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஏரியாவில் இருமாதவர் யார்? புகை, சாம்பல், லாரி கிளப்புகிற தூசி என்று சொல்ல எத்தனையோ காரணம் இருந்தது. பிறகு பேருந்தில் முன்படிக்கட்டிலிருந்து பின்படிக்கட்டுக்கு நடந்தாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. டிக்கெட் கிழிக்கும்போது கம்பியில் சாய்ந்துகொண்டேன். விசில் ஊதினால் பாதிச் சத்தம்தான் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரல் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் நிறைய கேள்வி கேட்டார். எந்த நேரத்தில் அதிகம், எங்கே அதிகம் என்று கேட்டார். நான் பேருந்துப் புகையைச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி கைப்பையிலிருந்து தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை எடுத்து மேஜைமேல் பரப்பினாள். ராத்திரி எத்தனை தடவை இருமினேன் என்று ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். எனக்கே தெரியாது.

"இவரு லீவு நாள்லதான் மேடம் அதிகமா இருமுறாரு. ஞாயித்துக்கிழமை, திங்கக்கிழமை. வேலைக்குப் போற நாள்ல கம்மி."

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க?"

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஆனால் மனைவிதான் சொன்னாள். "ரயில் ஓட்டுவாரு."

ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற சால்டரிங் புகை, ஸ்பிரே பெயின்ட், பலகை அறுக்கும் மரத்தூள், பசை. காற்று வராத தகர அறையில் இருபத்திரண்டு வருஷம். உடம்பு இனி இதில் ஒரு துளியைக்கூட ஏற்றுக்கொள்ளாது என்றார் டாக்டரம்மா. மாஸ்க் போட்டுக்கொண்டால் ஆகாதா என்று கேட்டேன். ஜன்னல் பெரிதாக வைத்தால்? சால்டரிங் செய்யாமல் ஓட்ட மட்டும் செய்தால்?

"அந்த ரூமுக்குள்ளேயே போகாதீங்க. இது கெஞ்சிக் கேட்டுக் குறைக்கிற விஷயம் இல்லை. இப்ப நிறுத்தினா நுரையீரல் பெரும்பாலும் தேறிடும். இன்னும் ரெண்டு வருஷம் போச்சுன்னா, பேருந்துல இல்ல, வீட்டுக்குள்ளேயே நடக்க முடியாது."

எட்டு நாள் போகாமல் இருந்தேன். ஒன்பதாம் நாள் மனைவி மார்க்கெட்டுக்குப் போன சமயம், பத்தே நிமிஷம் என்று மேலே ஏறினேன். ஒரு ரயிலை இரண்டு சுற்று விட்டேன். தண்டவாளத்தில் ஒரு இணைப்பு விட்டிருந்தது. கை தானாக சால்டரிங் அயனுக்குப் போனது. ஒரே ஒரு புள்ளிதான் வைத்தேன். புகை ஒரு நூல்போல எழும்பியது. கீழே இறங்குகிறபோது பாதிப்படியில் நெஞ்சு பூட்டிக்கொண்டது. கத்தக்கூட மூச்சில்லை.

கீழ்வீட்டில் குடியிருப்பவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். படியில் நான் பொத்தென்று சரிந்த சத்தம் கேட்டு ஓடிவந்து, மூட்டையைத் தூக்குவதுபோலத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஆட்டோவில் என் முதுகைத் தட்டிக்கொண்டே திட்டினார்.

"இன்னா அண்ணாத்த, சொன்னா கேக்க மாட்டியா? மூஞ்சி நீலமா பூட்சு பாரு! பொம்ம ரயிலுக்காவ சாவுவியா நீ?"

அன்றைக்கு முடிவு செய்தேன். குறைப்பதில்லை, விடுவதுதான். அறைச் சாவியை மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள்.

என்னைப்போல ரயில் செய்கிறவர்களின் வாட்ஸப் குழுவில், மொத்தமாகக் கொடுத்துவிடுகிறேன், பிரித்து அல்ல, ஓட்டுகிறவருக்கு மட்டும் என்று போட்டேன். கேட்டவர்களெல்லாம் எஞ்சினை மட்டும் கேட்டார்கள். மூன்றாவது வாரம் எர்ணாவூரிலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். யூனிஃபார்ம்போல நீலக்கோட் ஒன்றைச் சேலைமேல் போட்டிருந்தார். வீட்டுக்காரருக்கா, பிள்ளைக்கா என்று கேட்டேன்.

"எனக்குத்தான்ணா. ஏன், பொம்பள ஓட்டினா ரயில் ஓடாதா?"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. பேருந்தில் இருபது வருஷமாக ஆயிரம் பெண்களோடு பேசியிருக்கிறேன், இப்படி ஒரு கேள்வி கேட்டுவிட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மனைவியோடு மேலே போனார். நான் மாடியில், ஜன்னலுக்கு வெளியே, மூக்கில் மாஸ்க்கோடு நின்றேன்.

திருவொற்றியூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறாராம். ஃபேன், மிக்சி, தண்ணீர் பம்ப், எது கருகி வந்தாலும் செம்புக்கம்பியை அவிழ்த்துப் புதிதாகச் சுற்றுவது அவர் தொழில். அலமாரியில் கிடந்த என் முதல் டீசல் எஞ்சினை எடுத்தார். மூன்று வருஷமாகச் செத்துக் கிடந்தது அது. நான்கு பேரிடம் காட்டிக் கைவிட்டிருந்தேன். மேல்மூடியைக் கழற்றி மோட்டாரை முகர்ந்து பார்த்தார்.

"காயில் வெந்து பூட்சுண்ணா. அவ்ளோதான். தலமுடி கனத்துல ஒயர் வோணும், கடையில கீது. அடுத்த ஞாயித்துக்கிழம எடுத்தாரேன்."

"ஓடுமா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"ஓடலன்னா எதுக்கு எடுத்தாரப் போறேன்?"

அந்த ஒரு வாரம் எனக்குப் பண்டிகைக்கு முந்தின வாரம்போல இருந்தது. டிக்கெட் கொடுக்கும்போதெல்லாம் அந்த மோட்டார்தான் நினைவு. மாதவரத்துக்கு டிக்கெட் கேட்ட ஒருவருக்கு எர்ணாவூர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை வந்தார். எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து, வேகம் கூட்டும் குமிழை மெல்லத் திருப்பினார். அது ஒரு துள்ளுத் துள்ளி, புறப்பட்டது! ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

அப்போதுதான் அவர் சொன்னார். "எடுத்துக்கறேன்ணா. ஆனா ஒருக்கா எல்லாத்தையும் ஒண்ணா ஓட்டிக் காட்டணும். எப்படி ஓடும்னு பாத்தாத்தான் அங்க மாட்டத் தெரியும்."

எல்லாவற்றையும் ஒன்றாக! மூன்று ரயில், இரண்டு பாதை. உள்பாதையில் எக்ஸ்பிரஸ், அது தன்பாட்டுக்குச் சுற்றும். வெளிப்பாதையில் மின்சார ரயிலும் சரக்கு ரயிலும். ஒவ்வொரு சுற்றிலும் திருவொற்றியூரில் சரக்கை ஓரப்பாதையில் ஒதுக்கி, மின்சார ரயிலை முன்னால் விட்டு, பின்னாலேயே சரக்கை எடுக்க வேண்டும். பத்துச் சுற்று தடம் புரளாமல் ஓட்டுவது என் நெடுநாள் ஆசை. தனியாளாக ஆறு சுற்றுக்குமேல் போனதே இல்லை.

கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டோம். அந்தப் பழைய டீசல் எஞ்சின் இழுக்கும் சரக்கு ரயில் அவரிடம். "கிரேன்ல நாப்பது டன்னு தூக்கறவன் நானு. இத ஓட்ட மாட்டனா?" என்றார். மின்சார ரயில் காயில் கட்டும் பெண்ணிடம். பாதை மாற்றும் சுவிட்சுகள் என் மனைவியிடம். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு சுவிட்சைக்கூடத் தொட்டதில்லை. நான் வெளியே, ஜன்னலில். கத்தினால் இருமல் வரும் என்று டூட்டி விசிலை எடுத்துக்கொண்டேன். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போகலாம்.

முதல் சுற்றிலேயே கிரேன்காரர் சரக்கை வேகமாகக் கொண்டுவந்து வளைவில் இரண்டு பெட்டியைக் கவிழ்த்தார். "இன்னாடா இது, பேஜாரு!" என்று தலையில் கைவைத்தார். மறுபடி ஆரம்பித்தோம். இரண்டு, மூன்று, நான்கு. திருவொற்றியூர் வரும்போதெல்லாம் நான் ஒரு விசில் கொடுப்பேன், சரக்கு நிற்கும், மின்சார ரயில் முன்னால் போகும், இரண்டு விசில், சரக்கு கிளம்பும். ஆறாவது சுற்று தாண்டியது. ஏழாவதில் காயில் கட்டும் பெண் சொன்னார்: "மோட்டாரு சூடாவுது. வாசன வருது." நிறுத்தலாமா என்று யாரும் கேட்கவில்லை. எட்டு. ஒன்பதில் நான் விசில் கொடுக்க மறந்து வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சரக்கு ஒதுங்காமல் நேராக வந்துகொண்டிருக்கிறது, பின்னாலேயே மின்சார ரயில்!

என் மனைவி விசிலுக்குக் காத்திருக்கவில்லை. டக்கென்று சுவிட்சைத் தட்டி, சரக்கை ஓரப்பாதையில் திருப்பிவிட்டு, "நில்லுண்ணா!" என்று கிரேன்காரரை ஒரு அதட்டல் போட்டாள். நின்றது. ஒரு விரற்கடை இடைவெளியில் மின்சார ரயில் கடந்துபோனது. பிறகு அவளே, "இப்ப போலாம்" என்றாள்.

பத்து முடிந்தபோது நான்கு பேரும் கத்திய கத்தலில் எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு இருமல் வந்தது. இருமிக்கொண்டே சிரித்தேன். மனைவி வெளியே ஓடிவந்து என் முதுகைத் தடவினாள். "இவ்ளோ நல்லா இருக்குமா இது? ஏன் சொல்லல?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் இரண்டு பெண்களும் ஈரத்துணியால் எல்லாத் தூசியையும் துடைத்தார்கள். பலகைகளைப் பிரித்து ஒரு மினிலாரியில் ஏற்றினோம். எர்ணாவூரில் அவருக்குக் குடியிருப்பில் இரண்டாம் மாடி வீடு. படிக்கட்டுத் திருப்பத்தில் பலகை திரும்பவே இல்லை. சாய்த்தோம், நிமிர்த்தினோம், ஒன்றும் நடக்கவில்லை. கிரேன்காரர் கீழே இறங்கிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். "படி வோணாம். பால்கனி வயியா ஏத்தலாம்."

மேலே கயிறு கட்டி, கப்பி மாட்டி, நாலு வீட்டு ஆட்கள் இழுக்க, ராயபுரம் ஸ்டேஷன் ஆகாயத்தில் ஏறியது. அவர் கையை உயர்த்தி விரலை ஆட்டி, துறைமுகத்தில் சைகை காட்டுவதுபோலக் காட்டினார். எல்லா பால்கனியிலும் ஆட்கள். முதல் மாடியைத் தாண்டும்போது கடல்காற்றில் பலகை ஒரு பக்கமாகச் சுழன்றது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது பலகை இன்னும் சுலபமாக ஏறியது.

பத்தடிக்குப் பத்தடி அறையில் அதை எங்கே வைப்பது? அதற்கும் கப்பிதான். கூரையில் நான்கு கொக்கி. வேலைநாளில் ரயில் பாதை கூரையோடு ஒட்டித் தொங்கும், கீழே அவரும் வீட்டாரும் சாப்பிட்டுத் தூங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை இறங்கும்.

சால்டரிங் வேலையெல்லாம் அந்தப் பெண் கடையிலேயே முடித்துவிடுவதால், மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க டாக்டரம்மா அனுமதி கொடுத்திருக்கிறார். தொடுவதில்லை. மூன்றாவது தடவை போனபோது நான் செய்த கன்டெய்னர் அடுக்குகளைக் காணவில்லை. அந்த இடத்தில் அந்தப் பெண் பலகையை அறுத்து ஒரு பள்ளம் தோண்டியிருந்தார். அந்த அடுக்குகளுக்கு நான் ஒரு கோடை முழுக்கப் பெயின்ட் அடித்திருந்தேன்.

"கோவமாண்ணா? எண்ணூர் கழிமுகம் வருது. தண்ணி, படகு, மேல ரயில் பாலம். நீங்க எண்ணூரோட நிறுத்திட்டீங்க. நான் அந்தாண்ட போவப் போறேன்."

குனிந்து பார்த்தேன். பிறகு அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்பதும், மேலே அந்தப் பழைய டீசல் எஞ்சின் பாலத்தைக் கடப்பதும் எனக்குத் தெரிய ஆரம்பித்தது. எனக்கு ஏன் இது தோன்றவே இல்லை? "பாலத்துக்கு எத்தன தூணு?" என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

அடுத்த லீவு நாள் காலை மனைவியும் நானும் எண்ணூரை ஒட்டிய முகத்துவாரக்குப்பத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு படகில் பாலத்தருகே போனோம். மாஸ்க் சட்டைப்பையில் இருந்தது. படகில் ஏற இறங்க, சேற்றில் நடக்க, ஒரு தடவைகூட நான் நிற்க வேண்டியிருக்கவில்லை. தூண்களை எண்ண ஆரம்பித்தேன். பாதியில் சரக்கு ரயில் ஒன்று பாலத்தில் ஏறியது. படகோட்டி துடுப்பை நிறுத்தினார். நான் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

"மறந்துட்டீங்களா?" என்று சிரித்தாள் மனைவி. "நான் எண்ணிட்டேன். போனைக் குடுங்க, அந்தப் பொண்ணுக்கு நானே சொல்றேன்."