பாரிஷா பார்க்காத அருவி

ஸ்ப்லிட் நகரத்தில் எங்கள் சுற்றுலா கம்பெனிக்கு பாரிஷா இருபது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டினார். நான் அங்கே டிக்கெட் கொடுக்கிறவள். டால்மேஷியக் கடற்கரைச் சாலை முழுக்க அவருக்கு அத்துப்படி. எந்த வளைவில் வடக்குக் காற்று பஸ்ஸைப் பிடித்துத் தள்ளும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

க்ர்கா அருவி, ஒமிஷ் மலையிடுக்கு, இமோட்ஸ்கி ஏரிகள், நீலக் குகைக்குப் போகிறவர்களுக்குப் படகுத்துறை. கோடை முழுக்க ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிவிடுவார். பிறகு மர நிழலில் வண்டியைப் போட்டுவிட்டு மற்ற டிரைவர்களோடு சீட்டாடுவார். போனவர்கள் நனைந்த தலையும் சிரித்த முகமுமாகத் திரும்பி வருவார்கள். ஏற்றிக்கொண்டு அடுத்த இடம்.

அவர் அவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. எங்களுக்கு அது தெரியாது. யாரும் கேட்டதில்லை.

அவர் மனைவி மில்கா ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்தாள். கொஞ்ச காலம் என்றுதான் போனாள். சண்டை எதுவும் இல்லை. லீவுக்கு வருவது குறைந்தது, பிறகு நின்றது. அவர் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார்.

ஒரு ஜூன் மாதம் ஸ்லோவாக்கியாவிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அதில் பொஷேனா என்று எழுபது வயது அம்மாள். க்ர்காவில் எல்லோரும் இறங்கினார்கள். அந்த அம்மாள் மட்டும் இருக்கையை விட்டு எழவில்லை. அவர்கள் பேச்சு எங்களுக்குப் பாதிக்குப் பாதி புரியும். பாரிஷா போய்க் கேட்டார்.

“நீங்க இறங்கலியாம்மா?”

“முட்டி வலிப்பா.”

“அருவி பக்கத்துலயே கொண்டு விட வேற பஸ் இருக்கு.”

“முட்டியை விடு. இறங்க மனசில்ல. ரெண்டு பேரா வர்றதா இருந்தோம். அவரு ஏப்ரல்ல போயிட்டாரு. பொண்ணுதான் புடிச்சுத் தள்ளி அனுப்பிட்டா.”

பாரிஷா தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

“சரி, நீ சொல்லு. அருவி எப்படி இருக்கும்?”

“பெரிய மலைம்மா. உச்சியிலேருந்து ஒரே பாய்ச்சலா விழும். பார்த்தா தலை சுத்தும்.”

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

“அது படிப்படியா இறங்குற அருவி. கல்யாணமான புதுசுல நானும் அவரும் அதுல குளிச்சிருக்கோம். நீ பார்த்ததே இல்ல, இல்லியா?”

பாரிஷா காதுவரைக்கும் சிவந்துபோனார். “டிரைவர் வண்டியை விட்டுப் போகக் கூடாதும்மா” என்றார். பிறகு அவரே, “அப்படி ஒண்ணும் கண்டிப்பு இல்ல. போகல, அவ்வளவுதான்” என்றார்.

மறுநாள் இமோட்ஸ்கி. பஸ் நின்றதும் அந்த அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “நீ வர்றதா இருந்தா நான் இறங்குறேன்” என்றாள்.

பாரிஷா சாவியைத் தன் கூட்டாளி டூயேவிடம் நீட்டினார். டூயே சீட்டுக்கட்டைக் கலைத்தபடி கேட்டான்.

“என்னடா, இந்த வயசுல ஜோடி சேர்த்துட்டியா?”

“வாயை மூடிக்கிட்டு வண்டியைப் பாரு.”

ஏரி ஒரு பெரும் பள்ளத்தின் அடியில் கிடந்தது. சுற்றிலும் செங்குத்துப் பாறை. வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் பாதி தூரம் போனார்கள்; அதற்குமேல் முட்டி ஒத்துக்கொள்ளவில்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார்கள். கீழே தண்ணீர் அத்தனை நீலமாக இருக்கும் என்று பாரிஷா நினைக்கவில்லை. எங்கே பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்றே தெரியவில்லை என்றார் என்னிடம். வேலை இல்லாத இடத்தில் நிற்கிற கூச்சம்.

“வீட்டுக்காரி எங்க?” என்று அந்த அம்மாள் கேட்டாள்.

“ஜெர்மனில.”

“சேர்ந்து எங்கயாச்சும் போயிருக்கீங்களா?”

“கூப்பிடுவா. ஞாயித்துக்கிழமை க்ர்கா போலாம்னு சொல்லுவா. வாரம் பூரா அங்கதானடி நிக்கிறேன், இன்னிக்குமானு கேப்பேன்.”

அந்த அம்மாள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் விமான நிலையத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரிஷா சாதாரண வெளியூர் பஸ்ஸில், ஜன்னலோரம் பயணியாக உட்கார்ந்து, க்ர்காவுக்குப் பக்கத்து ஊரான ஸ்க்ராடினுக்குப் போனார். அங்கிருந்து அருவிக்குக் குளிர்காலத்தில் படகு கிடையாது. ஆற்றோரமாகவே நடந்தார். கடைகளெல்லாம் சாத்திக் கிடந்தன. மழைத் தண்ணீர் சேர்ந்து அருவி மரப்பாலத்தின் மேலேயே தெறித்துக்கொண்டிருந்தது. ஓர் ஆள் இல்லை. சட்டை நனையும்வரை நின்றார். பிறகு மில்காவுக்கு போன் போட்டார்.

“எங்க நிக்கிற? ஒண்ணுமே கேக்கல” என்றாள்.

“க்ர்கா. அருவிகிட்ட.”

“ஞாயித்துக்கிழமைகூட வேலையா?”

“வேலை இல்ல. சும்மா வந்தேன்.”



“தண்ணி நிறையவா?”

“நிறைய.”

“சரி. எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு. நனையாத, சளி புடிக்கும்” என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வருஷம் ஓய்வு பெற்றார். அதற்குப் பின் சும்மா இருக்கவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத மாதங்களாகப் பார்த்து ஒவ்வோர் இடமாகப் போனார். மில்யெட் தீவின் ஏரிகள், தெலாஷ்சிட்சாவில் கடலுக்கு மேல் நிற்கும் பாறைச் சுவர். வந்து என் டிக்கெட் ஜன்னலில் சாய்ந்துகொண்டு கொஞ்சமாகச் சொல்வார். எனக்கு வரிசை நிற்கும். பாதியில் நிறுத்திக்கொள்வார்.

நீலக் குகை மட்டும் பாக்கி. போன மார்ச்சில், குகைக்குப் படகு கிளம்பும் கோமிஷா தீவுத் துறைக்குப் போயிருக்கிறார். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த படகுக்காரன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். “ஒத்த ஆளுக்குப் படகு எடுக்கறதில்ல, மாமா. யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க” என்றானாம். வேறு யாராவது வருவார்களா என்று மாலைவரை துறையில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

“யாரைக் கூட்டிட்டுப் போறது, சொல்லு” என்று என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், ஏற்கெனவே பார்த்த ஒமிஷுக்கே அடுத்த பஸ் எப்போது என்று கேட்டார். சொன்னேன். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.