வேட்டி மடிப்பில் கொண்டுபோன வலிப்பு மாத்திரை

மயிலாப்பூரில் மெட்ரோவுக்காகத் தோண்டி, பஸ்ஸையெல்லாம் சுற்றிவிட்டார்களே, அந்தச் சமயம். தூசி தாங்காமல் என் இஸ்திரி வண்டியை ராஜா அண்ணாமலைபுரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருந்தேன். அங்கே நல்ல வேப்பமர நிழல். அது கிடக்கட்டும். அப்போதுதான் என் மனைவிக்குச் சிறுநீரில் கிருமி சேர்ந்து, அது ரத்தத்திலும் கலந்து, ஐசியுவில் போட்டார்கள்.

சேர்க்கும்போது டாக்டரம்மா கேட்டார். "பெரியவரே, வீட்ல என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

"சக்கரைக்கு மட்டும்தாம்மா."

பொய். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரை போடுவதால் பல வருடமாக வரவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் இது தெரியாது. அன்றைக்குச் சம்பந்தியம்மா என் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

ஆனால் அந்த மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்று தெரியும். எனக்கு எழுத்து தெரியாது, அட்டையின் நிறம்தான் அடையாளம். காலையும் மாலையும் பார்க்க விடும்போது வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போய், நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் அவள் வாயில் போடுவேன்.

"யோவ், மாட்டிக்கினா இன்னாய்யா பண்ணுவ?"

"மொதல்ல முழுங்கு. திருடியாட்டம் முழிக்காத."

"எடுத்தாந்தவன் நீ, திருடி நானா?" என்று சிரித்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது.

மூன்றாம் நாள் மாலை உள்ளே போனால் கட்டில் கம்பி கடகடவென்று ஆடுகிறது. நாலு பேர் அவளை அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். வாயில் நுரை. அட்டையை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினேன். "இத்த ஒரு வேள விடாம குடுத்துக்கினுதானேம்மா கீறேன், அப்புறம் எப்டி வந்துச்சு?"

அவர் அட்டையைப் படித்தார். "ஐயோ பெரியவரே! கிருமிக்கு நாங்க ஏத்தற மருந்து இந்த மாத்திரையை ரத்தத்துல நிக்கவே விடாது. நீங்க எத்தனை குடுத்தும் பிரயோஜனம் இல்ல. முன்னாடியே சொல்லியிருந்தா வேற மருந்து போட்டிருப்போமே!"

இரண்டுமே நல்ல மருந்து. ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடும் என்று யார் கண்டது?

வலிப்புக்கு வேறு ஊசி போட்டார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் கண் திறந்தாள்.

விஷயம் தெரிந்ததும் சம்பந்தியம்மா என்னைப் பார்த்து, "இத்த சொல்றதுக்கு இன்னாண்ணே? உசுர வுட பெரிசா இது?" என்றார்.

உங்கள் வீட்டில் யாரையாவது ஐசியுவில் சேர்த்தால், பக்கத்தில் எந்தச் சம்பந்தி நின்றாலும் சரி, அவர்கள் சாப்பிடும் மாத்திரை அத்தனையும் டாக்டர் மேசையில் கொட்டிவிடுங்கள். மறைத்து எதையும் ஊட்டாதீர்கள். படிக்கத் தெரியாதவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். அவர்கள் காதிலும் இதைப் போட்டுவையுங்கள்.