கதவருகே திரும்பிப் பார்த்தவள்

அந்த அமெரிக்கப் படத்தை எத்தனை முறை பார்த்தாய் என்று கேட்டு அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அங்கே தணிக்கை கடுமையாவதற்கு முன்னால் எடுத்த பேசும் படம். அடிக்கிற புருஷனை விட்டு ஒருத்தி கிளம்புகிறாள். கடைசியில் சாகவில்லை, அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. கதவைத் திறந்து, நம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறாள். எனக்கு உயிர் அந்தச் சிரிப்பில்தான். சாந்தோம் கோயிலில் சாமியார், அதைப் பார்ப்பதே பாவம் என்று பிரசங்கம் வைத்தார். நானும் அவரிடமே பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு மறுபடி போய்ப் பார்ப்பேன்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியான சமயம். புதுப் படம் வராமல் மவுண்ட் ரோட்டுக் கொட்டகையில் பழசையே ஓட்டினார்கள். அக்கா அப்போது புருஷன் வீட்டிலிருந்து கையில் காயத்தோடு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அத்தான் அழைத்துப்போக வருவதாக இருந்தது. அதற்கு முந்தின மத்தியானம் அவளை இழுத்துக்கொண்டு படத்துக்குப் போனேன். மயிலாப்பூர் முழுக்கப் பூட்டிய வீடுகள்.

டிக்கெட் கிழிக்கிறவர், "இன்னாம்மா, உள்ள ஒருத்தரும் இல்ல. நீங்க ரெண்டு பேருதான். பயமா இல்லியா?" என்றார்.

வரிசைக்குள் நுழையும்போது அக்கா திரையைப் பார்த்து வலது முழங்காலை மடக்கிச் சிலுவை போட்டாள். கோயிலில் பூசைக்குப் போய், பெஞ்சில் உட்காருமுன் பீடத்தைப் பார்த்துச் செய்து செய்து வந்த பழக்கம். கொட்டகையில் எங்கள் தெருக்காரர்கள் பலரும் செய்கிற தப்புதான். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. படம் முடிகிற இடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் ஜில்லென்றிருந்தன.

"அவ என்னத்தான் பாக்குறா."

"எல்லாரையுந்தான் பாக்குறா."

"வேற யாருடி இங்க இருக்கா?"

மறுநாள் அத்தான் வந்து முன்னறையில் உட்கார்ந்தார். அம்மா அவருக்குக் காப்பி கலந்துகொண்டிருந்தாள். அக்கா வெறுங்கையோடு பின்கதவுக்குப் போனாள். அதைத் தாண்டினால் மணல், கடல். கதவைத் திறந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு வரவேயில்லை. மீன்காரர்கள் கரை நெடுகத் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

கடலுக்குத்தான் போனாள் என்று ஊர் பேசியது. அம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. சாகப் போகிறவள் சிரிப்பாளா என்பதுதான் அவளுடைய பிடி. அந்தச் சிரிப்பைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

ஜப்பான் சண்டை ஓய்ந்த பிறகு அதே படம் திரும்ப வந்தது. இப்போது நல்ல கூட்டம். கடைசிக் கட்டத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கை கதவுப்பிடியில். அடுத்த கணம் திறந்த கதவு, ஆள் இல்லை. நடுவில் அந்தச் சிரிப்பைத் தணிக்கையில் வெட்டிவிட்டார்கள். கத்தரி போட்டவன் கை விளங்காமல் போக. ஜனங்கள் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து போனார்கள்.

இருக்கையிலேயே கண்ணை மூடிக்கொண்டு அக்காவை நினைத்துப் பார்த்தேன். தாழ்ப்பாளில் அவள் கை வந்தது. திறந்த கதவும் அதற்கப்பால் கடலும் வந்தன. நடுவில் அவள் முகம் வரவில்லை. திரும்பத் திரும்ப முயன்றேன், கைக்கு அப்புறம் கடல்தான் வந்தது. அவள் நிஜமாகவே சிரித்தாளா, படத்துக்காரியின் சிரிப்பை நான்தான் அவள் முகத்தில் வைத்துக்கொண்டேனா?

வீட்டுக்கு வந்தேன். பின்கதவு வழக்கம்போல் தாழிடாமல் இருந்தது. அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். ஏறிட்டுப் பார்த்து, எப்போதும் கேட்பதையே கேட்டாள்.

"ஏண்டி, உங்கக்கா போறப்போ சிரிச்சாதானே?"

"சிரிச்சாம்மா," என்றேன்.