துப்ப வேண்டிய போர்பன்

என் மனைவியின் தம்பி அமெரிக்காவிலிருந்து மஹய்யாவைக்கு எங்கள் வீடு தேடி வந்தபோது, பெட்டியில் துணிமணியைவிடப் போத்தல்கள்தான் பத்திரமாக இருந்தன. நாலும் போர்பன் விஸ்கி. "குடிக்கிறதுக்கு இல்ல மச்சான், ரசிக்கிறதுக்கு" என்றான். குடிக்கிறவர்கள் எல்லாரும் ஆரம்பத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் நான் கல்லீரல் வீங்கிப் பேராதனை ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பி வந்தவன். இனி ஒரு சொட்டும் கூடாது என்று டாக்டர் சொன்னதை என்னைவிட மனைவிதான் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அவளிடம் என் உத்தியோகத்தை எடுத்துச் சொன்னேன். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தேயிலை ருசி பார்க்கிறவன் நான். கரண்டியில் அள்ளி, சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் துப்புவதற்குத்தான் சம்பளம். இதையும் அப்படியே துப்பிவிடுவேன் என்று வாதாடினேன்.

"ஒரு சொட்டுகூட உள்ள போகக் கூடாதுங்க" என்றாள். தகர வாளி ஒன்றை அவளே கொண்டுவந்து என் கதிரையருகில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள்.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஐயா, ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர், யாரும் கூப்பிடாமலே வந்து சேர்ந்தார். மைத்துனன் சோளம், உள்ளே கருக்கிய ஓக் பீப்பாய், வனிலா வாசம் என்று நீளமாகப் பிரசங்கம் செய்தான். ஐயா பொறுமையாகக் கேட்டார்.

"ஓம் தம்பி, எல்லாம் சரி. கலந்து குடிக்க ஜிஞ்சர் பியர் இருக்கோ?"

மைத்துனன் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஜிஞ்சர் பியரை எடுத்து நீட்டினான்.

முதலாவதை நான் உறிஞ்சிய சத்தத்தில் ஐயா திடுக்கிட்டார். சோளத்தின் இனிப்பு, பின்னாலேயே வனிலா. துப்பினேன். வாளி டங்கென்றது. கடல் தாண்டிச் சுமந்து வந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது கோதுமை சேர்த்தது, பால் டொபிபோல மெத்தென்று இருந்தது. துப்பினேன். மூன்றாவதில் ரை தானியம் தூக்கல், மிளகும் கறுவாவும் நாக்கைக் கிள்ளின. அதையும் துப்பினேன். ஐயாவுக்கு மூன்றுமே ஜிஞ்சர் பியராகத்தான் ருசித்தன. எங்கள் மூவரில் நிம்மதியாக இருந்தவர் அவர்தான்.

நாலாவது, தண்ணீர் சேர்க்காமல் பீப்பாயிலிருந்து நேரே போத்தலில் அடைத்தது. கருகிய சீனி, புகை, கித்துல் பாணியின் பாகு இனிப்பு. நாக்கில் சுழற்றினேன். இன்னொரு முறை சுழற்றினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், துப்ப மனம் வரவில்லை. விழுங்கிவிட்டேன். ஐயா கோழிப் பொரியலில் மும்முரமாக இருந்தார், மைத்துனன் அடுத்த பிரசங்கத்தில் இருந்தான். நான் பெரிய மனிதன்போல வாயைத் துடைத்துக்கொண்டேன்.

குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது. மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"நாலாவது தரம் வாளியில சத்தம் கேக்கலையே?"

திட்டியிருந்தால் சிரித்து மழுப்பியிருப்பேன். அவள் திட்டவில்லை. வாளியைத் தூக்கி இரண்டு கையாலும் என் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"இப்பவாவது துப்பிருங்க" என்றாள்.

என் வாயில் துப்புவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.