பானெட்டுக்குள் ஓர் எலுமிச்சம்பழம்

நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டு இளைஞன் ஒரு பழைய பிக்-அப் வண்டியை வாங்கி வந்து நிறுத்தினான். நின்ற இடத்திலேயே எஞ்சின் உறுமுவதும் தணிவதுமாக இருந்தது. பானெட்டைத் திறந்து கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரேயை அடித்தான். வாடை எங்கள் வீடுவரை வந்தது. எனக்கு அந்த வாடை பிடிக்கும். மல்லிகையை நம்பிப் பிழைத்தவன் சொல்கிற பேச்சில்லைதான், ஆனாலும் பிடிக்கும்.

அப்போதெல்லாம் நானும் என் மனைவி சரோஜாவும் கிள்ளானில் மாலை கட்டி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கல்யாண மண்டபங்களுக்குக் கொண்டுபோவோம். எங்களுடையதும் இப்படி ஒரு பிக்-அப்தான். வயதான வண்டி, ஏதாவது ஒரு ரப்பர் குழாய் விட்டுப்போய், எஞ்சின் அந்த வழியாகத் திருட்டுத்தனமாகக் காற்றை உறிஞ்சும். ஓட்டையைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். நான் குழாய் குழாயாக ஸ்பிரே அடிப்பேன்; அவள் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்திருப்பாள். ஓட்டையில் பட்டால் ஸ்பிரேயை எஞ்சின் உறிஞ்சிக்கொண்டு, சத்தம் சட்டென்று ஏறும். எனக்கோ ஆசையில் எங்கே அடித்தாலும் ஏறுவதுபோலவே இருக்கும். அவள் ஏமாறமாட்டாள். "இல்லீங்க, இன்னும் அடிங்க."

வண்டி என்றால் எங்கள் ஆட்களுக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கியாக வேண்டும். அவள் முன்னால் கட்டிவிட்டாள். "ஊறுகா கடையா வெச்சிருக்கோம்?" என்று கேலி செய்தேன். மறுநாள் அதைக் காணோம். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு கல்யாணக் காலை. பங்சாரை நெருங்கும்போது சிவப்பு விளக்கில் வண்டி அணைந்துவிட்டது. பின்னால் ஈரத்துணிக்கு அடியில் மணமக்கள் மாலை. முகூர்த்தத்துக்குப் போய்ச் சேரவில்லையென்றால் அந்த மண்டபத்தை நாங்கள் மறந்துவிட வேண்டியதுதான். ஓரம் தள்ளினோம். திரும்பக் கிளப்பி, பெடலை மிதித்து எஞ்சின் சாகாமல் பார்த்துக்கொண்டாள் சரோஜா. நான் வியர்த்து வழிந்து ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தேன்.

"அங்கதான்! ஏறுது லா!"

கையை விட்டுப் பார்த்தால், குழாயில் கம்பி கட்டித் தொங்கியது எலுமிச்சம்பழம். கம்பி ரப்பரை அறுத்திருந்தது.

"இத யாரு இங்க கட்டுனது?"

"வெளிய கட்டுனா கிண்டல் பண்றீங்க. அதான் உள்ள கட்டுனேன்."

பானெட்டுக்குள் யார் கண் படப்போகிறது என்று திட்ட வாயெடுத்தேன், சிரிப்புதான் வந்தது. அவளும் சிரித்தாள். அறுந்த முனையை நறுக்கிவிட்டுக் குழாயைத் திரும்பச் செருகினேன். தாலி கட்டுவதற்கு முன்பே மாலை போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த வண்டி பழைய இரும்புக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை. சரோஜாவின் காது போனதைத்தான் தாங்க முடியவில்லை. வாங்கிக் கொடுத்த காது மெஷினை "ஒரே இரைச்சலா இருக்குங்க" என்று அலமாரியில் வைத்துவிட்டாள். இப்போதெல்லாம் நாங்கள் கையைக் காட்டித்தான் பேசிக்கொள்கிறோம். எனக்கோ தொணதொணவென்று பேசினால்தான் பொழுது போகும்.

"அங்கிள், சத்தம் ஏறுதா பாருங்களேன்!" பக்கத்து வீட்டுப் பையன் பானெட்டுக்குள்ளிருந்து கத்தினான்.

பழக்கதோஷம், நான் சரோஜாவைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து சாமி படத்துக்குப் பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஏறுது" என்று நானே சொன்னேன். உண்மையாகவே ஏறியதா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை.