அலமாரிக்குப் பின்னால் இருந்த கதவு

நம்பாதவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். தீ வைத்தது நானேதான், அதில் சந்தேகமில்லை. மற்றதற்குத்தான் இன்றுவரை எனக்கு விளக்கம் தெரியவில்லை.

கல்லூரியில் வேதியியல் ஆய்வகம் நடத்துகிறேன். அன்று மூன்றாவது வகுப்பும் முடிந்து பிள்ளைகள் கிளம்பியாயிற்று. மாலை ஆறேகால். என் கால்கள் இரண்டும் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. குடுவை சீக்கிரம் காயட்டும் என்று அசிட்டோன் ஊற்றி அலசினேன். பக்கத்திலேயே பர்னர் எரிந்துகொண்டிருந்தது. ‘அசிட்டோன் இருக்கும் இடத்தில் நெருப்பு கூடாது’ என்று அன்று மூன்று வகுப்பிலும் தொண்டை கிழியக் கத்தியவனும் நானே.

புஸ்ஸ்...

மேசை முழுக்கத் தீ. தீயணைப்பான் வாசல் பக்கம். வாசலோ தீக்கு அந்தப் பக்கம்.

பின்சுவரில் அவசர வழிக் கதவு உண்டு. ஆனால் அதை மறைத்து ஓர் இரும்பு அலமாரி. நான் வேலையில் சேரும்போதே நின்றது. தினமும் என் இடுப்பை இடிக்கும். “நகர்த்தலாமே அக்கா” என்று துறைத்தலைவியிடம் எப்போது கேட்டாலும், “பார்க்கலாம் தம்பி” என்பார். நானும் அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

புகை தலை உயரத்துக்கு இறங்கியது. விளக்கு அணைந்தது.

“குனிஞ்சு வாங்க சார்.”

பெண் குரல்.

“நீ ஏம்மா இன்னும் போகல?”

என் கையைப் பிடித்தாள். அந்த விரல்களில்... நகம் தட்டுப்படவில்லை.

நான் இருமி இருமித் தவழ்ந்தேன். அவள் இருமவே இல்லை.

இடுப்பில் எதுவும் இடிக்கவில்லை...

க்ரீச்...

காற்று. வெளியே இரும்புப் படிக்கட்டு.

திரும்பினேன்.

யாருமில்லை. மூடிய கதவில் துருப்பிடித்த பூட்டு தொங்கியது.

உள்ளே ஒரு பெண் இருக்கிறாள் என்று நான் கத்திய கத்தலில், தீயை அணைத்தவர்கள் மேசைக்கு அடியில்கூடத் தேடினார்கள். ஒருவருமில்லை. அலமாரி அசையாமல் நின்றது.

“ஜன்னல் வழியா குதிச்சிருப்பீங்க சார்” என்றார் ஒருவர்.

“இந்தத் தொப்பையோடயா?”

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறையைச் சுத்தம் செய்ததும் பிள்ளைகள் மறுபடி இங்கேதான் வர வேண்டும். அடுத்த முறை யார் கையைப் பிடிப்பது?

துறைத்தலைவி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் சரிந்தேன்.

“அக்கா, அலமாரி ஏன் அங்க நிக்குது? இந்தத் தடவையாவது நேரா சொல்லுங்க.”

களைத்த குரலில் சொன்னார்.

“நீ சேர்றதுக்கு முந்தின வருஷம் இதே மாதிரி தீ. ஒரு பொண்ணு உள்ள மாட்டிக்கிட்டா. சாமான் திருடு போகுதுன்னு இந்தக் கதவை வெளியில பூட்டி வெச்சிருந்தோம். உள்பக்கம் பூரா நகக் கீறல், தம்பி. கண்கொண்டு பார்க்க முடியல. அதான் அலமாரியை வெச்சு மறைச்சோம்.”

“அப்புறமாவது பூட்டை எடுக்கலையா?”

“இல்ல.”