வரிசை மாறிய விடைகள்

ஐப்பசி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம், தூறல். அப்போது நான் காப்பியடித்தேன். முப்பத்துநான்கு ஆண்டுகள் பையன்களின் சட்டைக்கைக்குள்ளிருந்து துண்டுச்சீட்டு உருவிய கணக்கு வாத்தியார்... நானேதான்!

திட்டுவதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். முழுவதையும் கேளுங்கள்.

சில மாதங்களாக எதிலும் மனம் ஒட்டவில்லை. தச்சநல்லூர் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். டவுண் பஸ்கள் போகும். எத்தனை என்று எண்ண மாட்டேன். என் மனைவி கோமதி பயந்துபோய் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

“தேங்காக்காரன் ஏழுக்குக் காச வாங்கிட்டு ஆறு குடுத்தான், டாக்டர். இவுக ஒண்ணும் பேசாம வாங்கிட்டு வந்துட்டாக!” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மறுவாரம் பதினைந்து கேள்விகள் கேட்பார்களாம், மனச்சோர்வு உண்டா என்று பார்க்க. எதற்கும் எழாத நான் தேர்வு என்றதும் எழுந்தேன். தோற்றால் தெருவில் தலைகாட்ட முடியுமா?

அடுத்த வீட்டு அண்ணாச்சி அதற்கு முந்தின மாதம் அதே தேர்வில் தேறியவர். கருப்பட்டி மிட்டாய் அரைக்கிலோவோடு போனேன்.

“கேள்வி எதுக்கு வே சார்வாள்? வெடைய மட்டும் வரிசையாப் பிடிச்சுக்கிடும். ஆமா, இல்ல, இல்ல, இல்ல, ஆமா...”

பிடித்துக்கொண்டேன். நர்ஸ் கேட்கக் கேட்க, காதில் வாங்காமல் ஒப்பித்தேன். எட்டாவது கேள்வியில்தான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“வாழ்க்கை வெறுமையா இருக்குன்னு தோணுதான்னு கேட்டேன், சார். ஆமான்னா சொன்னிய?”

ஐயோ! அவள் தாளில் வரிசையே வேறு! திருத்தலாம்... திருத்தினால் காப்பியடித்ததைச் சொல்லவேண்டுமே! மீதி ஏழையும் அப்படியே ஒப்பித்து முடித்தேன்.

படுதோல்வி. ஸ்கேன் எடுத்தார்கள். நினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி கொஞ்சம் சுருங்கியிருக்கிறதாம். நாள்பட்ட மனச்சோர்வு உள்ள முதியவர்கள் சிலருக்கு இப்படிக் காண்பதுண்டு, எது முந்தி எது பிந்தி என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

“எவ்வளவு சுருங்கிருக்குன்னு கேக்க மாட்டியளா?” என்று கோமதி என் விலாவில் இடித்தாள். கணக்கு வாத்தியாருக்கு அந்த எண்ணைக் கேட்கத் தோன்றவே இல்லை. அப்போதுதான் எனக்கே உறைத்தது... என் தப்பான விடைகள் அத்தனையும் சரி!

மாத்திரை, காலை நடை. பைய பையத் தேறினேன். போன வாரம் பதினேழு பஸ் எண்ணினேன்.

என் குற்றம் இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஸ்கேன் முடிந்து வந்த அன்று ஆட்டோவில் கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாப்பத்திரண்டு வருசத்துல எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. அந்த நர்ஸ் பிள்ளகிட்டயாவது மனசு விட்டுச் சொன்னியளே!”

சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள், “அவுக உள்ளத உள்ளபடி சொல்லிட்டாக!” என்று. நெல்லையப்பருக்குத் தேங்காயும் உடைத்தாள்.

நான் யாரிடம் எதைச் சொன்னேன்? தினமும் சாயங்காலம் கேட்கிறாள்: “இன்னைக்கு எப்படி இருக்கு?” “நல்லா இருக்கு” என்கிறேன். அதுவும் அண்ணாச்சி கொடுத்த விடைதானோ?...

ஸ்கேன் ஆறாயிரத்து ஐந்நூறு. டாக்டர் ஐந்நூறு. மாத்திரை ஆயிரத்து நூற்று எண்பது. ஆட்டோ முந்நூற்று அறுபது. கருப்பட்டி மிட்டாய் நூற்றுத் தொண்ணூறு. என் உண்மைக்காக அவள் உடைத்த தேங்காய் முப்பத்தெட்டு.

மொத்தம் எட்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு ரூபாய்.